மதுரை மாவட்டச் சுரங்கத் தொழிலும் நிறுவனச் சமூகப் பொறுப்பும்

நிறுவனச் சமூகப் பொறுப்பு என்பது, தொழில் நடத்தும் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு மட்டுமன்றி, தன் தொழிலால் பாதிக்கப்படும் மக்களுக்கும் அவர்கள் வாழும் நிலத்துக்கும் நீருக்கும் கடமைப்பட்டுள்ளது என்னும் கருத்தாகும். பிற தொழில்களைவிடச் சுரங்கத் தொழிலில் இக்கருத்து கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. நெல் அறுத்த வயலில் மறு ஆண்டும் நெல் விளையும். வெட்டி எடுத்த பாறை மீண்டும் வளர்வதில்லை. ஆலையை வேறு ஊருக்கு மாற்றலாம். கனிமத்தை அது கிடக்கும் இடத்தில்தான் தோண்ட முடியும். எனவே சுரங்கத்தின் வருமானம் வெளியூருக்குச் சென்றாலும் அதன் பள்ளம் உள்ளூரிலேயே தங்கிவிடுகிறது.

மதுரை நகருக்கு வடகிழக்கே அமைந்த மேலூர் வட்டம் இதைப் புரிந்துகொள்ளத் தெளிவான எடுத்துக்காட்டாகும். அங்கு இரண்டு பெரும் சர்ச்சைகள் அடுத்தடுத்து எழுந்தன. முதலாவது, 2012ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்த கிரானைட் முறைகேடு. இரண்டாவது, 2024ஆம் ஆண்டு ஏலம் விடப்பட்டு 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் கைவிடப்பட்ட டங்ஸ்டன் சுரங்கத் திட்டம். முதலாவதில் கல் வெட்டி முடித்த பிறகு இழப்பு கணக்கிடப்பட்டது. இரண்டாவதில் ஒரு பிடி மண்கூட எடுக்கப்படுவதற்கு முன்பே மக்கள் மறுப்புத் தெரிவித்தனர். பள்ளிக்கூடம் கட்டித் தருவது, மருத்துவ முகாம் நடத்துவது போன்ற கொடைகளால் மட்டும் சுரங்கத்தின் பொறுப்பு நிறைவேறிவிடுமா என்னும் கேள்வியை இவ்விரு நிகழ்வுகளும் எழுப்புகின்றன.

கருத்தின் பின்னணி

அமெரிக்க அறிஞர் ஆர்ச்சி கரோல் 1991ஆம் ஆண்டு நிறுவனப் பொறுப்பை நான்கு படிகள் கொண்ட கூம்பாக விளக்கினார். அடித்தளத்தில் இருப்பது பொருளாதாரப் பொறுப்பு. அதற்கு மேல் சட்டப் பொறுப்பும், அதற்கும் மேல் அறப் பொறுப்பும் அமைகின்றன. உச்சியில் இருப்பது கொடை. இவ்வரிசையில் கொடை கடைசியாகவே வருகிறது. சட்டத்தை மீறும் நிறுவனம் கொடை வழங்கினால், கீழ்ப்படி இல்லாமல் மேற்படி கட்டியதாகவே அது கருதப்படும்.

கனிம வளம் மிகுந்த வளரும் நாடுகள் பல, அந்த வளத்தாலேயே ஊழல், உள்நாட்டுப் பூசல், வேளாண் வீழ்ச்சி ஆகியவற்றுக்கு ஆளாவதைப் பொருளாதார அறிஞர்கள் 'வளச் சாபம்' என்கின்றனர். ரிச்சர்ட் ஆட்டி 1993ஆம் ஆண்டு இச்சொல்லைப் பரவலாக்கினார். எல்லா நாடுகளுக்கும் இது பொருந்தாது. ஆப்பிரிக்காவின் போட்சுவானாவில் வைரச் சுரங்க நிறுவனத்தில் அரசு பாதிப் பங்கு வைத்துள்ளது. அந்த வருமானம் சாலைகளாகவும் பள்ளிகளாகவும் மாறியது.

பப்புவா நியூகினியின் ஓக் டெடி செப்புச் சுரங்கம் எதிர்த்திசையில் சென்ற எடுத்துக்காட்டு. அங்கு கட்டப்பட்டுவந்த கழிவுத் தேக்க அணை 1984ஆம் ஆண்டு நிலச்சரிவில் அழிந்தது. அதன் பிறகு சுரங்கக் கழிவு ஆற்றிலேயே விடப்பட்டது. ஆற்றங்கரை ஊர்களின் மீன்வளமும் தோட்டங்களும் அழிந்தன. முதன்மைப் பங்குதாரரான ஆத்திரேலியாவின் பிஎச்பி நிறுவனம் 2002ஆம் ஆண்டு தன் பங்கை ஒரு மேம்பாட்டு நிதி அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. அந்த நிதியால் பல நலப்பணிகள் நடந்தன. ஆனால் ஆற்றில் படிந்த கழிவு அங்கேயே கிடக்கிறது.

இந்தியச் சட்டங்கள்

நிறுவனச் சமூகப் பொறுப்பைச் சட்டக் கடமையாக்கிய முன்னோடி நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். அவை முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

இச்சட்டத்தைச் சுரங்கத்துக்குப் பொருத்திப் பார்க்கும்போது மூன்று வரம்புகள் தெரிகின்றன.

முதலாவதாக, தொகை லாபத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பாதிப்பைக் கொண்டு அன்று. சராசரியாக 100 கோடி ரூபாய் லாபம் ஈட்டும் நிறுவனம் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் செலவிட வேண்டும். அதன் சுரங்கம் ஒரு கண்மாயை அழித்திருந்தாலும் பத்துக் கண்மாய்களை அழித்திருந்தாலும் தொகை மாறாது. நட்டத்தில் ஓடும் சுரங்கம் பெரும் பாதிப்பை ஏற்படுத்தினாலும் அதற்குச் செலவிட வேண்டிய தொகை எதுவும் இல்லாமல் போகலாம்.

இரண்டாவதாக, இச்சட்டம் பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு உரியது. தனிநபர் பெயரிலும் கூட்டுவணிகப் பெயரிலும் நடத்தப்படும் குவாரிகள் இதன் வரம்புக்குள் வருவதில்லை.

மூன்றாவதாக, வேறு சட்டத்தின்படி ஏற்கெனவே செய்தாக வேண்டிய கடமையை நிறைவேற்றும் செலவைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்டக் கூடாது என விதிகள் 2021ஆம் ஆண்டு திருத்தப்பட்டன. வெட்டிய பள்ளத்தைச் சீரமைப்பது, மேல்மண்ணைப் பாதுகாப்பது, தூசியைக் கட்டுப்படுத்துவது ஆகியவை குத்தகை நிபந்தனையாக இருக்கும்போது, அவற்றைச் 'சமூக சேவை' என்று கணக்கெழுத முடியாது. கடமை வேறு, கொடை வேறு என்பதை இவ்விதி உறுதிப்படுத்துகிறது.

சுரங்கத்துக்கெனத் தனியான ஏற்பாடும் உண்டு. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 2015ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் உருவாக்கப்பட்டன. பெருங்கனிமங்களைப் பொறுத்தவரை, 2015 ஜனவரி 12க்கு முன் வழங்கப்பட்ட குத்தகைதாரர்கள் உரிமைத்தொகையில் 30 விழுக்காட்டையும், அதன் பின் ஏலத்தில் எடுத்தவர்கள் 10 விழுக்காட்டையும் கூடுதலாகச் செலுத்த வேண்டும். கிரானைட் போன்ற சிறுகனிமங்களுக்கு விகிதத்தை மாநில அரசு வரையறுக்கிறது. இந்நிதி முதன்மையாகக் குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு உரியது.

நீதிமன்றங்களும் இத்திசையில் தீர்ப்புகள் வழங்கியுள்ளன. 1996ஆம் ஆண்டு வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆந்திரப் பழங்குடிப் பகுதிச் சுரங்கங்கள் பற்றிய 1997ஆம் ஆண்டின் சமதா வழக்கில், நிகர லாபத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அப்பகுதி மக்களின் கல்வி, மருத்துவம், சாலை போன்ற அடிப்படை வசதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது. பின்னாளில் நிறுவனங்கள் சட்டம் நிர்ணயித்த 2 விழுக்காட்டுடன் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மேலூரின் நிலமும் நீரும்

மேலூர்ச் சமவெளியில் ஆங்காங்கே மொட்டைப் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. மழை பெய்யும்போது குன்றின் சரிவில் வழியும் நீர் ஓடைகளாகி, வரத்துக்கால் வழியாகக் கண்மாயை அடைகிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. குன்று, ஓடை, வரத்துக்கால், கண்மாய், மடை, வயல் ஆகிய அனைத்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகும். இடையில் ஒரு வரத்துக்கால் கழிவுக்கல்லால் அடைபட்டால், அதற்குக் கீழே உள்ள கண்மாய்கள் வறண்டுபோகும். குவாரி இருக்கும் ஊர் மட்டுமன்றி, குவாரியையே பார்த்திராத ஊரும் தண்ணீரை இழக்கும்.

இப்பகுதிக்கு ஆற்றுப் பாசனமும் உண்டு. 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிக்கப்பட்டு, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக மேலூர்ப் பக்கம் வருகிறது. கடைமடைப் பகுதி என்பதால் இங்கு ஆண்டுக்கு ஒருபோகச் சாகுபடியே நடக்கிறது. கால்வாயில் தண்ணீர் குறையும் ஆண்டுகளில் கண்மாய் நீரே கைகொடுக்கிறது.

இக்குன்றுகள் வரலாற்றுச் சான்றுகளாகவும் விளங்குகின்றன. மாங்குளம் குன்றிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைக் குறிப்பிடுகின்றன. ஐராவதம் மகாதேவன் இவற்றைப் பொது ஆண்டுக்கு முற்பட்ட 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். கீழவளவு, அரிட்டாபட்டி, திருவாதவூர் ஆகிய ஊர்களின் குன்றுகளிலும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் உள்ளன. பாறையை வெறும் கனிமமாக மதிப்பிடும் கணக்கில் இவை எதற்கும் விலை குறிக்கப்படுவதில்லை.

கிரானைட் குவாரிகள்

மேலூர்ப் பகுதியின் பாறைகள் பளபளப்பாக மெருகேற்றத் தக்கவை. வண்ண வரிகள் கொண்டவை. வணிகத்தில் கிரானைட் என்று பொதுப்பெயரால் வழங்கினாலும், புவியியல் அடிப்படையில் இவற்றுள் பல உருமாறிய பாறை வகைகளாகும். இவை தரைக்கும் சமையலறை மேடைக்கும் கல்லறைக்கும் பதிக்கும் பலகைகளாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. பெரிய கற்பாளங்களாகப் பிளவின்றி எடுக்க வேண்டியிருப்பதால், வெட்டப்படும் பாறையில் பெரும்பகுதி கழிவாகிறது. அக்கழிவுக்கல்லை எங்கே கொட்டுவது என்பதே ஒவ்வொரு கிரானைட் குவாரியும் எதிர்கொள்ளும் முதல் கேள்வியாகும்.

கிரானைட் சிறுகனிமம் என்பதால் அதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசிடம் உள்ளது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. 1977ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 8-சி விதியின்படி கருங்கிரானைட் குத்தகை தனியாருக்கு வழங்கப்படுவது நிறுத்தப்பட்டது. இதை எதிர்த்த ஹிந்த் ஸ்டோன் வழக்கில், கனிமம் பொதுச் சொத்து, அதை எதிர்காலத் தலைமுறைக்காகப் பாதுகாப்பது அரசின் கடமை என்னும் அடிப்படையில் 1981ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியை ஏற்றது. தமிழ்நாடு கனிம நிறுவனம் எனப்படும் டாமின் அரசு சார்பில் கிரானைட் வெட்டும் பணியை மேற்கொண்டது. பின்னாளில் வண்ணக் கிரானைட் வெட்டுவதில் தனியார் பங்கு பெருகியது.

2012 மே மாதம் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், மாவட்டத்தில் நடந்த சட்டவிரோதக் கிரானைட் வெட்டலால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு ஏற்பட்டிருப்பதாக மதிப்பிட்டு அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அம்மாதமே அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். ஆகஸ்டு மாதம் அவ்வறிக்கை ஊடகங்களில் வெளியானது. அடுத்து ஆட்சியராக வந்த அன்சுல் மிஸ்ரா காலத்தில் குவாரிகளில் ஆய்வு நடந்தது. குவாரிகள் மூடப்பட்டன, வழக்குகள் பதிவாயின.

டிராபிக் ராமசாமி தொடர்ந்த பொதுநல வழக்கில், 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. அவர் மதுரையில் மக்களிடம் நேரடியாக மனுக்களைப் பெற்று, குவாரிப் பகுதிகளை ஆய்வு செய்து, 2015 நவம்பரில் அறிக்கை அளித்தார். இழப்பு 1 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என அது மதிப்பிட்டது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையையும் பரிந்துரைத்தது. இத்தொகைகள் ஆய்வு மதிப்பீடுகளே. நீதிமன்றம் இறுதியாகத் தீர்மானித்தவை அல்ல. எனினும் குத்தகை எல்லையைத் தாண்டி வெட்டுதல், பட்டா நிலத்தின் பெயரால் புறம்போக்கில் வெட்டுதல், கண்மாய், ஓடை, வரத்துக்கால் ஆகியவற்றில் கழிவுக்கல்லைக் கொட்டுதல், தொல்லியல் சின்னங்களுக்கு அருகே வெட்டுதல் ஆகிய குற்றச்சாட்டுகளின் தன்மை, இழப்பு பணத்தோடு நின்றுவிடவில்லை என்பதைக் காட்டியது.

கணக்கில் வராத கல்

மேலூர் நிகழ்விலிருந்து பெறக்கூடிய முதல் பாடம் எளிமையானது. உரிமைத்தொகை, அறக்கட்டளை நிதி, வரி, சமூகப் பொறுப்புச் செலவு ஆகிய அனைத்தும், கணக்கில் காட்டப்படும் கல்லையும் லாபத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. அனுமதிச் சீட்டு இல்லாமல் லாரியில் ஏறும் கல்லுக்கு உரிமைத்தொகை இல்லை. உரிமைத்தொகை இல்லையென்றால் அதன் விழுக்காடாக வரும் மக்கள் நிதியும் இல்லை. அந்த விற்பனை கணக்கேட்டில் ஏறாவிட்டால் 2 விழுக்காடும் இல்லை. ஆக, எடுத்த கல்லை உள்ளபடி அளந்து காட்டுவதே ஒரு சுரங்க நிறுவனத்தின் முதல் சமூகப் பொறுப்பாகிறது. அது தவறினால் மற்றவை யாவும் அடிப்படை இழக்கின்றன.

இரண்டாவது பாடம் தொழிலாளர் பற்றியது. பாறையைத் துளையிட்டு வெடிவைத்து உடைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். இது சட்டப்படி அறிவிக்கப்பட்ட தொழில்நோயாகும். ஈரமாகத் துளையிடுதல், முகக்கவசம் வழங்குதல், முறையான மருத்துவப் பரிசோதனை ஆகியவை சட்டக் கடமைகள். ஊருக்கு மருத்துவ முகாம் நடத்தும் குவாரி, தன் தொழிலாளியின் நுரையீரலைச் சோதிக்காவிட்டால் அம்முகாமைப் பொறுப்பின் அடையாளமாகக் கொள்ள முடியாது.

மேலும், குவாரிகள் திடீரென மூடப்பட்டபோது கல்லுடைப்போர், லாரி ஓட்டுநர், பட்டறைத் தொழிலாளர் எனப் பலர் வேலையிழந்தனர். முறைகேட்டில் பங்கில்லாதவர்களே அதன் தண்டனையை முதலில் அனுபவித்தனர். சுரங்கம் ஒருநாள் முடியத்தான் செய்யும். அன்று தொழிலாளி எங்கே போவான் என்பதைத் தொடக்கத்திலேயே திட்டமிடுவதும் நிறுவனப் பொறுப்பின் பகுதியாகும்.

டங்ஸ்டன் திட்டமும் அரிட்டாபட்டியும்

டங்ஸ்டன் உலோகங்களுள் மிக உயர்ந்த உருகுநிலை கொண்டது. 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். வெட்டுக் கருவிகள், துளையிடும் முனைகள், பாதுகாப்புத் தளவாடங்கள் ஆகியவற்றுக்கு இது இன்றியமையாதது. இந்தியா இதற்கு இறக்குமதியையே பெரிதும் நம்பியுள்ளது. 2023ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு வழங்கப்பட்டது. உரிமைத்தொகை மாநிலத்துக்கே சேரும்; எந்த இடத்தை ஏலம் விடுவது என்னும் முடிவு ஒன்றிய அரசிடம் உள்ளது.

இதன்படி மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்னும் பெயரில் 20.16 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்பு ஏலம் விடப்பட்டது. 2024 நவம்பர் 7 அன்று வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி முதலிய ஊர்ப் பகுதிகளை அத்தொகுதி தொட்டது.

அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு ஊர்களில் 193.215 ஹெக்டேர் நிலம் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. லகார் வல்லூறு, சாகீன் வல்லூறு, இராசாளிக் கழுகு ஆகிய வேட்டைப்பறவைகள் உட்பட ஏறத்தாழ 250 பறவை இனங்கள் அங்கு பதிவாகியுள்ளன. எறும்புத்தின்னியும் தேவாங்கும் வாழ்கின்றன. குடைவரைக் கோயிலும் சமணக் கற்படுக்கைகளும் ஊற்றுகளும் கண்மாய்களும் அச்சூழலின் பகுதிகள்.

ஏலத்தில் விடப்பட்ட பரப்பில் பல்லுயிர்த் தலம் 1.93 சதுர கிலோமீட்டர் மட்டுமே என ஒன்றிய அரசு தரப்பில் கூறப்பட்டது. பரப்பளவில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் குன்றிலிருந்து கண்மாய் வரை தொடரும் நீர்ச்சங்கிலியை அறிந்த மக்கள், எல்லைக்கோடு வரைந்து ஒரு பகுதியை மட்டும் காப்பாற்ற முடியாது என்றனர். கிரானைட் காலத்து அனுபவமும் அவர்கள் நினைவில் இருந்தது.

ஊராட்சிகளின் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. 2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மாநில அரசு தொடக்கத்திலேயே போதிய எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என ஒன்றிய அரசும், தன் கருத்து ஏற்கப்படவில்லை என மாநில அரசும் ஒன்றையொன்று குறை கூறின. டிசம்பர் 24 அன்று தொகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தை ஒன்றியச் சுரங்க அமைச்சகம் கேட்டுக்கொண்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் பல்லாயிரக்கணக்கில் திரண்டு நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை பேரணி நடத்தினர். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்படுவதாக அமைச்சகம் அறிவித்தது.

இந்நிகழ்வில் எந்த விதிமீறலும் நடந்திருக்கவில்லை, சுரங்கமே தொடங்கவில்லை. சிக்கல் வரிசைமுறையில் இருந்தது. முதலில் ஏலம், பிறகு சுற்றுச்சூழல் ஆய்வு, அதன் பிறகு பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்பதே நடைமுறை. மக்களிடம் கேட்கும் கட்டம் வரும்போது, முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டிருக்கும். முக்கியக் கனிமத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்து ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் குறிப்பாணை வெளியிட்டதால், இக்கேள்வி மேலும் கூர்மையடைந்துள்ளது.

சம்மதம் என்னும் பொறுப்பு

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம் தொடர்பாக, முடிவைக் கிராம சபைகளிடம் விடுமாறு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு கூடிய 12 கிராம சபைகளும் திட்டத்தை நிராகரித்தன. அங்கு வன உரிமைச் சட்டமும் பழங்குடிப் பகுதிகளுக்கான பாதுகாப்பும் கிராம சபைக்குச் சட்ட வலிமை தந்தன. மேலூர் அத்தகைய பட்டியல் பகுதி அன்று. எனவே இங்கு கிராம சபைத் தீர்மானம் மக்களின் விருப்பத்தைக் காட்டுமே தவிர, ஏலத்தைத் தானாகத் தடுக்காது. நியம்கிரியில் சட்டம் செய்ததை மேலூரில் மக்கள் திரட்சியும் சட்டமன்றத் தீர்மானமும் செய்ய நேர்ந்தது.

சுரங்கத் துறையில் 'சமூக உரிமம்' என்னும் சொல் 1990களின் இறுதியிலிருந்து வழங்கி வருகிறது. அரசு தரும் உரிமம் தாளில் இருக்கும். ஊர் தரும் ஒப்புதல் நம்பிக்கையில் இருக்கும். நம்பிக்கை முந்தைய நடத்தையால் உருவாவது. மேலூரில் கிரானைட் குவாரிகள் இழந்த நம்பிக்கையின் விளைவை, பல ஆண்டுகள் கழித்து வேறொரு கனிமத்துக்காக வந்த வேறொரு நிறுவனம் எதிர்கொண்டது. ஒரு நிறுவனத்தின் பொறுப்பின்மை அத்தொழில் முழுவதையும் பாதிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

எதிர்வாதங்கள்

சுரங்கமே வேண்டாம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்னும் வாதமும் உண்டு. வீட்டுக்குக் கல் வேண்டும், சாலைக்குச் சல்லி வேண்டும், மின்கலத்துக்கும் கருவிகளுக்கும் உலோகம் வேண்டும். ஓரிடத்தில் மறுக்கப்படும் சுரங்கம், குரலெழுப்ப வலுவில்லாத வேறொரு ஊருக்கோ நாட்டுக்கோ நகரக்கூடும். அரசுக்கு வருவாயும் தேவை. இவ்வாதங்களில் உண்மை இருக்கிறது. ஆனால் அவை சுரங்கம் தேவை என்பதை மட்டுமே நிறுவுகின்றன. எந்த இடத்திலும் எந்த முறையிலும் தோண்டலாம் என்பதை நிறுவுவதில்லை.

நிறுவனங்கள் தரப்பில், விதிகள் பலவாக இருப்பதாலும் அனுமதிகள் தாமதமாவதாலும் நேர்மையாகத் தொழில் செய்வோருக்கே சுமை கூடுகிறது என்கின்றனர். முறைகேடு செய்தவர்களோடு போட்டியிட வேண்டிய நேர்மையான குவாரிதாரரும் இழப்புக்கு உள்ளாகிறார் என்பது கவனிக்கத்தக்கது. கண்காணிப்பு வலுவாக இருந்தால் அது ஊருக்கு மட்டுமன்றி, ஒழுங்காகத் தொழில் செய்வோருக்கும் பாதுகாப்பாகும்.

பொறுப்பை மதிப்பிடும் கேள்விகள்

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் சமூகப் பொறுப்புப் பகுதி பெரும்பாலும் செலவுத் தொகையையும் பயனாளிகளின் எண்ணிக்கையையும் தருகிறது. மதுரை அனுபவத்தைக் கொண்டு பார்த்தால், ஒரு சுரங்கத்தின் பொறுப்பை மதிப்பிட அவை போதா. கீழ்க்கண்ட கேள்விகள் கூடுதல் தெளிவு தரும்.

1. தோண்டுவதற்கு முன்: ஊர் மக்களுக்குத் திட்டம் தமிழில், வரைபடத்துடன் விளக்கப்பட்டதா? அவர்கள் மறுத்தால் திட்டம் மாறுமா?

2. எல்லை: குத்தகை நிலத்தின் எல்லைக்கற்கள் எவரும் பார்க்கும்படி நடப்பட்டுள்ளனவா?

3. அளவு: எடுத்த கனிமத்தின் அளவும் செலுத்திய உரிமைத்தொகையும் வெளிப்படையாக அறிவிக்கப்படுகின்றனவா?

4. நீர்: வரத்துக்கால்களும் ஓடைகளும் முன்பிருந்தபடி ஓடுகின்றனவா? கழிவுக்கல் எங்கே கொட்டப்படுகிறது?

5. உழைப்பு: தொழிலாளர்க்கு மருத்துவப் பரிசோதனையும் விபத்து இழப்பீடும் உள்ளனவா?

6. முடிவு: பள்ளத்தை மூடவும் நிலத்தைச் சீரமைக்கவும் பணம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுள்ளதா?

7. கொடை: இவை அனைத்துக்கும் பிறகு, நிறுவனம் ஊருக்குக் கூடுதலாக என்ன செய்கிறது?

கொடை பற்றிய கேள்வி ஏழாவதாக இடம்பெறுவது தற்செயலானது அன்று. பெரும்பாலான விளம்பரங்களிலும் அறிக்கைகளிலும் அதுவே முதலாவதாக வருகிறது. முதல் ஆறு கேள்விகளுக்கும் தக்க விடை இருக்கும் சுரங்கத்தில் ஏழாவது வரவேற்கத் தக்கது. அவற்றுக்கு விடை இல்லாத இடத்தில், புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடம் ஊருக்குப் பயன்படலாம். ஆனால் அடைபட்ட வரத்துக்காலுக்கு அது ஈடாகாது. மழைக்காலத்தில் கண்மாய் நிறைகிறதா என்பதைக் கொண்டே கடைமடை விவசாயி அந்தச் சுரங்கத்தை மதிப்பிடுவார்.